ஹேமாவின் கார்டு

"என் இன்சூரன்ஸ் கார்ட எடுத்துட்டுப் போடி. இவங்களுக்கு நம்ம மூஞ்சியெல்லாம் ஒண்ணுதான்."

"மாட்டிக்கிட்டா?"

"உன் முழியப் பார்த்துதான் மாட்டணும். என் பிறந்த தேதிய மட்டும் மறந்துடாத. மார்ச் பத்தொன்பது, எண்பத்து மூணு."

"ஐயோ, என்னைவிட ரெண்டு வயசு பெரியவளா நீ?"

"கத்தாத. என் வீட்டுக்காரருக்கே தெரியாது."

அன்று இருவரும் சிரித்தார்கள். மூன்று வாரம் ஆகிறது.

இப்போது ஹேமாவின் பெயருக்கு வந்த உறை கார்டை வாங்கிப் போனவளின் ஸ்வெட்டர் பைக்குள் இருக்கிறது.

எதிரே அவள் கணவன் லேப்டாப்பைத் திறந்து வைத்திருக்கிறான். ஜனவரி முப்பத்தொன்று. இன்றைக்குள் மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும். விட்டால் அடுத்த குளிர்காலம்தான். எடுக்காதவர்களுக்கு நியூ ஜெர்சியில் அபராதம் உண்டு. வருமான வரியோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

போன ஜனவரியில், அபராதமே கட்டிவிடலாமா என்று அவன் கேட்டான். அவள் தலையாட்டினாள்.

அதற்கு முந்தைய ஜனவரியிலும்.

அவனுக்கு வேலை போன வருடம் அது. இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கினார்கள். இன்று நாற்பது வீடுகளுக்கு அவர்கள் மாவுதான். அரைப்பது அவள். கொண்டுபோய்க் கொடுப்பது அவன். கம்பெனி என்று ஒன்று இருந்தால் அது இன்சூரன்ஸ் தரும். இவர்களுக்கு இவர்களேதான் கம்பெனி.

எனக்கு எடுத்துவிடுங்கள் என்று பலமுறை வாய் வரை வந்திருக்கிறது. அப்போதெல்லாம் அவன் மாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் முழங்காலைப் பிடித்தபடி நிமிர்வான்.

அவள் விழுங்கிக்கொள்வாள்.

இரண்டு வருடமாகப் பனியில் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நடக்கிறாள். விழக் கூடாது. விழுந்தால் ஆஸ்பத்திரி.

பிறகு ஒருநாள், குளிக்கும்போது, கையில் தட்டுப்பட்டது. இடது மார்பில். பாக்கு அளவில்.

ஹேமாவிடம் மட்டும் சொன்னாள்.

கிளினிக்கில் "ஹேமலதா" என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்றாவது முறைதான் எழுந்தாள்.

பிறந்த தேதி பிசகாமல் வந்தது. நர்ஸ் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே அடுத்ததைக் கேட்டாள். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா? அம்மாவுக்கு?

ஹேமாவின் அம்மா மதுராந்தகத்தில் திடமாக இருக்கிறார். தினமும் வீடியோ காலில் மகளோடு சண்டை போடுகிறார்.

இல்லை, என் அம்மா நன்றாக இருக்கிறார் என்றாள் அவள்.

பத்தொன்பது வயதில், தன் அம்மாவின் நெஞ்சில் சுற்றியிருந்த துணியைத் தினமும் பிரித்து, துவைத்து, காயப்போட்டவள் அவள்.

அன்று மாலை விளக்கேற்றும்போது அம்மாவின் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

இன்று காலை ஹேமா வந்தாள். எப்போதும் மாடியேறி வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே காபி கேட்பவள். இன்று காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, கிளினிக்கிலிருந்து வந்த உறையை நீட்டினாள்.

"எனக்குப் போன் மேல போன் பண்றாங்கடி. உடனே வரணுமாம். இன்னொரு தடவை என் கார்டு வேண்டாம். பயமா இருக்கு. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு."

திட்டவில்லை.

திட்டியிருக்கலாம்.

"ரெண்டு மாசப் பிரீமியத்துல ஒரு வருஷப் பெனால்டியே முடிஞ்சிடுது," என்கிறான் அவன், திரையைப் பார்த்தபடி. "நாம ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம். இந்த வருஷமும் பெனால்டியே கட்டிடுவோமாம்மா?"

இதைக் கேட்கும்போது மட்டும் அவன் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. அவனுக்கும் கூச்சம்தான். அது அவளுக்குத் தெரியும்.

தலை தானாக ஆடப் பார்க்கிறது.

உறையை எடுத்து அவன் கையருகே வைக்கிறாள். அவனே படித்துப் புரிந்துகொள்ளட்டும். அவள் வாயைத் திறக்க வேண்டியிருக்காது.

அவன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்கிறான். பெயரைப் படிக்கிறான். கடிதத்தைப் பிரிக்கிறான். இரண்டாவது பத்தியில் விரல் நிற்கிறது.

"அடக் கடவுளே. ஹேமாவுக்கா?"

அவள் நிற்கிறாள்.

"உங்கம்மாவுக்கு வந்த மாதிரியேம்மா." அவன் குரல் இறங்கிவிட்டது. "போன வாரம் மாவு கொடுக்கப் போனப்பகூட என்னைக் கிண்டல் பண்ணிட்டிருந்தாளே."

கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடிக்கிறான். உறைக்குள் வைக்கிறான். அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறான்.

"நல்லவேளை. அவங்க வீட்ல இன்சூரன்ஸ் இருக்கு."

சொன்னபிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்ததுபோல. தலையைக் குனிந்துகொள்கிறான்.

சமையலறையில் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவள் போய் அதை நிறுத்துகிறாள். கையை அலம்புகிறாள். துடைக்காமலே திரும்பி வருகிறாள்.

"ஏங்க."

அவன் நிமிர்கிறான்.

"எனக்கு எடுங்க," என்கிறாள். "என் பேர்ல."