மாப்பிள்ளைக்கு மட்டும்

"மாமா, இவர்தான் மத்தேய். அடுத்த மாசம் எங்களுக்குக் கல்யாணம்" என்றாள் லுட்மிலா.

ஸ்லோவாக்கியாவின் திருச்சபையை கம்யூனிஸ்ட் அரசின் கையில் ஒப்படைக்க மறுத்த பேராயர் வாவ்ரினெட்ஸ், இரண்டாவது ஆண்டாக வீட்டுக்காவலில் இருந்தார். தங்கை மகளைப் பார்க்க இன்று மட்டும் அனுமதி. காவலன் க்ருபெக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"பேசுங்க. பூசை, சடங்குன்னு ஏதாவது நடந்துச்சு, மூணு பேருக்கும் ஜெயில்தான்."

"பிள்ளைங்களை வாழ்த்தக்கூடவா கூடாது, தம்பி?"

"சரி, சீக்கிரம் வாழ்த்துங்க."

மத்தேய் மண்டியிட்டான். பேராயர் இரண்டு கைகளையும் அவன் தலையில் அழுத்தி வைத்தார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு உதடுகள் முணுமுணுத்தன. லுட்மிலா ஓரக்கண்ணால் காவலனைப் பார்த்தாள்.

க்ருபெக் எழுந்து அருகில் வந்தான். "என்ன பெரியவரே, மாப்பிள்ளைக்கு மட்டும்தானா? பொண்ணுக்குக் கிடையாதா?"

பேராயர் கையை எடுக்கவில்லை.

"என் தங்கச்சி மகளை உனக்குத் தெரியாது, தம்பி. அவகிட்ட மாட்டப்போறவனுக்குத்தான் கடவுள் துணை வேணும்."

க்ருபெக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என் வீட்டுக்காரியும் அப்படித்தான்!"

அவன் சிரித்து முடிப்பதற்குள் பேராயரின் ஜெபமும் முடிந்துவிட்டது.

ஊரைத் தாண்டி, ஆளில்லாத சாலையில் லுட்மிலா விரலில் இருந்த நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றினாள்.

"அக்காவோடது. திருப்பிக் கொடுக்கணும்."

பிறகு பனியில் மண்டியிட்டு, மத்தேயின் உள்ளங்கைகளை முத்தமிட்டாள்.

"மாமா தலையில கை வெச்சு ஜெபிச்சதுல குருப்பட்டம் வாங்கியாச்சு, ஃபாதர். உங்க முதல் ஆசீர்வாதம் எனக்குத்தான்."