அலைமோதும் கூட்டம்

"கலவரம், கலவரம்னு நம்ம கடற்கரையைப் பத்திக் கதை கட்டுறானுங்களே, இந்தக் கூட்டத்தைப் பாத்தீங்களா?" சுற்றுலா அதிகாரி மார்தட்டினார்.

விளம்பரப் படமெடுக்க வந்த புகைப்படக்காரருக்கு எரிச்சலாக இருந்தது. இருநூறு பேரில் ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. எல்லாரும் வரிசை பிசகாமல் படுத்து வெயில் காய்ந்தார்கள். முதல் குடைக்கடியில் இருந்த ஜோடியோ ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, பொண்டாட்டிகிட்ட சண்டையா? தோள்ல கையைப் போட்டுச் சிரிங்க!" என்று கத்தினார்.

அந்த ஆள் துள்ளி எழுந்து நின்றான்.

"ஐயோ, வேலைக்கே உலை வச்சிடாதீங்க சார்! அவங்க எங்க இன்ஸ்பெக்டர். நாலு ஸ்டேஷன் போலீசுக்கும் இன்னைக்கு இங்கதான் டூட்டி."

சுற்றுலா அதிகாரி அசரவில்லை. "மேடம், சிரிக்கச் சொல்லி ஒரு ஆர்டர் போடுங்க" என்றார்.

மறுநொடி கடற்கரை மொத்தமும் ஒன்றாகப் பல்லைக் காட்டியது.