மூடிய குமிழி டப்பா

எங்கெங்கோ விசாரித்து அலைந்து, கடைசியில் கிடைத்த பேச்சுப் பயிற்சியாளரின் வீட்டு முன்னறை. ஜன்னல் வெயில் பாயில் நீளமாக விழுந்து கிடக்கிறது. அவர் ஊதிய சோப்புக் குமிழிகளில் கடைசியானது அம்மாவோடு வந்திருக்கும் நாலு வயது மகளின் மூக்கு நுனியில் பட்டு உடைகிறது. குலுங்கிச் சிரிக்கிறாள்; அவளிடம் சிரிப்புக்கு மட்டும்தான் சத்தம் உண்டு. பயிற்சியாளர் டப்பாவை மூடிக் கையில் வைத்துக்கொள்கிறார். "அவளே கேக்கட்டும்மா. சின்னதா ஒரு சத்தம் வந்தாக்கூட ஊதிடுவேன். நீங்க மட்டும் வாயத் திறக்காதீங்க." அம்மாவுக்கு அதுதான் முடியாத காரியம். மகள் கண்ணைக் காட்டினால் போதும். தண்ணீர், பொம்மை, தூக்கம் என்று இவள் வாய் முந்திக்கொண்டு வந்துவிடும். இன்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மகள் டப்பாவைப் பார்க்கிறாள். பிறகு அம்மாவின் மடியில் ஏறி, பிசுபிசுக்கும் இரண்டு கைகளாலும் அவள் தாடையைப் பிடித்துக் கீழே இழுக்கிறாள். அம்மா வாயை இன்னும் இறுக்குகிறாள். கண்தான் சொன்ன பேச்சு கேட்காமல் நிறைகிறது. "கொஞ்சம் பொறுங்கம்மா" என்கிறார் பயிற்சியாளர். மகள் இழுப்பதை விடுகிறாள். திறக்காத அந்த உதடுகளை விரலால் தடவிப் பார்க்கிறாள். பிறகு முகத்தை அருகில் கொண்டுவந்து, தான் விழுந்து அடிபடும்போதெல்லாம் அம்மா செய்வதைப் போலவே, வலிக்கிற இடத்தில் மெதுவாக ஊதிவிடுகிறாள்.