டச்சப்

"இன்னும் கொஞ்சம் திரும்புங்கப்பா. கட்டி நல்லாத் தெரியணும்."

அந்தப் பெண் இப்படிச் சொன்னதும் ஸ்டுடியோக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற அப்பாவை உட்கார வைத்து, கழுத்துக் கட்டியைப் படம் பிடிக்கச் சொல்வாளா ஒருத்தி? அதுவும் மாதம் தவறாமல்!

"போன தடவை எடுத்த அதே தூரம், அதே வெளிச்சம் இருக்கட்டும் சார்." அதிகாரம் வேறு.

"நேரா ஒண்ணு எடுத்துக்கலாமே பெரியவரே? காலரைக் கொஞ்சம் ஏத்தி விட்டா எதுவும் தெரியாது."

"பொண்ணு சொல்றபடியே எடுத்துடுங்க தம்பி" என்றார் பெரியவர், தரையைப் பார்த்துக்கொண்டே.

போனில் போட்டு நாலு பேரிடம் 'ஐயோ பாவம்' வாங்கத்தான் இந்தக் கூத்து என்று ஸ்டுடியோக்காரர் முடிவே கட்டிவிட்டார். எதற்கு என்று அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவர்கள் வெளியே பெஞ்சில் காத்திருக்க, இவர் கம்ப்யூட்டரில் தன் கைவரிசையைக் காட்டினார். எத்தனையோ மணப்பெண்களின் பருவையும் மாப்பிள்ளைகளின் தொப்பையையும் கரைத்த கை. மொத்தமாக அழித்தால் மகள் சண்டைக்கு வருவாள். அதனால் போன படத்தில் இருந்த அளவுக்கே வருகிற மாதிரி, கட்டியின் ஓரத்தை மட்டும் லேசாகச் செதுக்கினார். முதல் மாதத்திலிருந்தே இப்படித்தான். பாவம் மனுஷன், படத்திலாவது கொஞ்சம் நன்றாக இருக்கட்டுமே!

அடுத்த மாதம் மகள் மட்டும் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இனிமே போட்டோ தேவையில்ல சார். உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எனக்கு எதுக்கும்மா நன்றி?"

"அப்பாவுக்கு வந்திருக்கறது ரொம்ப அபூர்வமான கட்டி சார். சதைக்குள்ள ஒரு பை மாதிரி, உள்ளே வெறும் தண்ணி. புற்று கிடையாது. அதுபாட்டுக்கு இருந்தா இருந்துட்டுப் போகட்டும், ஆனா வளர்ந்தா மூச்சுக்குழாயை அமுக்கும், உடனே எடுத்துடணும்னாங்க. இதெல்லாம் தெரிஞ்ச டாக்டர் வெளியூர்ல இருக்கார். அப்பாவை அவ்வளவு தூரம் அலைக்கழிக்க முடியுமா? தினம் பாக்கற எனக்கும் வித்தியாசம் தெரியாது. அதான் மாசாமாசம் உங்க போட்டோவை அனுப்பிட்டு இருந்தேன்."

ஸ்டுடியோக்காரர் கை வேலையை அப்படியே வைத்தார்.

"அவர் என்னம்மா சொன்னார்?"

"எல்லாப் படத்தையும் வரிசையா வச்சுப் பாத்தாராம். கட்டி வளரவே இல்ல, ஆபரேஷன் வேண்டாம்னுட்டார்! கொஞ்ச நாளா படுத்தா அப்பாவுக்கு மூச்சு வாங்குது, அதையும் சொன்னேன். கட்டியால இருக்காது, வயசாகுதில்லன்னார்."

ஸ்டுடியோக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல வேளை, கை வைக்காத படங்கள் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தன. முதல் மாதத்துப் படத்தையும் கடைசி மாதத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இந்தப் பெண்ணைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தோம்! அவளிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே!

"என்ன சார், ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"டாக்டருக்கு உடனே போன் போடுங்கம்மா." அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கட்டி மாசாமாசம் வளர்ந்துட்டுத்தான் இருந்திருக்கு. படத்துலதான் நான் அதை வளர விடல."