பார்க்க வந்தவர்கள்

எருமப்பட்டியில் அன்று விடிந்ததும் சின்னாயி பண்ணையார் வீட்டுக்கு ஓடி, நாற்காலியும் வெள்ளித் தம்ளரும், மகளுக்குக் கல் தோடும் இரவல் வாங்கி வந்தாள்.

“இதெல்லாம் எதுக்கம்மா?” என்றாள் மரகதம்.

“பேசாம இரு சாமி. உன்னையப் பார்க்கப் பெரிய மனுசங்க வாராங்க. களையெடுக்கிறவ ஊடுன்னு இளப்பமா நெனைச்சிரக் கூடாது.”

நாமக்கல்லிலிருந்து ஜட்காவில் இருவர் வந்தார்கள். நாற்காலியைப் பார்த்தார்கள், தம்ளரைப் பார்த்தார்கள், மரகதத்தின் காதையும் பார்த்தார்கள்.

“எம் புள்ளைக்கு என்னங்க முடிவு?”

மூத்தவர் கையிலிருந்த விண்ணப்பத்தை மடித்தார். “பரீட்சையில முதல் மார்க்குதான். ஆனா, காலேஜ் சம்பளம் நாங்க கட்டறது ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டுந்தாம்மா.”

எல்லாம் இரவல் என்று சொல்லச் சின்னாயிக்கு வாய் வரவில்லை.

ஜட்கா தெருமுனை திரும்புவதற்குள், தோட்டைக் கேட்டுப் பண்ணையார் வீட்டு ஆள் வாசலில் வந்து நின்றான்.