தேவிப்ரியா சொல்லாத பெயர்

"ஒங்க மன்றத்துல யாரு யாரு இருக்கா? பேரைச் சொல்லு."

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் நாகராசு மேசையில் ஓங்கித் தட்டினார். எதிரே பிளஸ் டூ மாணவி தேவிப்ரியா நின்றாள். திருநர் பிள்ளைகளும், தன் பாலினத்தையே விரும்பும் பிள்ளைகளும் கேலிக்குப் பயப்படாமல் மனம்விட்டுப் பேசட்டும் என்று, கந்தர்வக்கோட்டைப் பக்கத்துப் பள்ளியில் அவள் தொடங்கிய தோழமை மன்றம் அது.

"சொல்ல மாட்டேங்கய்யா. யாருகிட்டயும் சொல்றதில்லன்னு வாக்குக் குடுத்திருக்கோம்."

"மன்றத்தையே மூடச் சொல்லிருவேன்!"

"மூடுனாலும் சொல்ல மாட்டேங்க."

நாகராசு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தேவிப்ரியா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். திரும்பி வந்தவரின் குரல் இறங்கியிருந்தது.

"எம்மகன் வசந்த் பேரு இருக்கான்னு மட்டும் சொல்லு."

"இருந்தா அவனை அடிப்பீங்களா?"

"அடிக்கிறதா? ஆறு மாசமா வீட்டுல யாருகிட்டயும் வாய் தொறக்கல, தாயி. இங்கிட்டாவது பேசுறான்னு தெரிஞ்சா நான் கொஞ்சம் நிம்மதியாத் தூங்குவேன்."

அப்போதும் தேவிப்ரியா பேரைச் சொல்லவில்லை.

"எங்கிட்ட சொன்னதை அவன்கிட்டயே சொல்லுங்கய்யா" என்றாள்.