இருபது வருஷம் ஓடுகிற பாய்லர்

"அக்கா, பாய்லர் ஒண்ணு வாங்கோணும். எது நல்லதுன்னு நீதான் சொல்லோணும்" என்றான் ஜெயபாண்டி, இங்கிலாந்திலிருந்து.

சித்ராதேவி ஆபீஸ் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு குழந்தைச் சட்டையின் கழுத்தை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் லாரி ஏற வேண்டிய சரக்கு. பனியன் கம்பெனியே பரபரத்துக் கிடக்கிற நேரத்தில் தம்பிக்குப் பாய்லர் கேட்கிறது!

ஆனாலும் அந்தப் பேச்சை எடுத்தால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. அயர்னிங் செக்‌ஷனுக்குக் கடை கடையாக ஏறி இறங்கிப் பாய்லர் வாங்கிப் போட்டவள் அவள்தான். அதுவுமில்லாமல், இந்த ஊரில் யாராவது மெஷினைப் பற்றிக் கேட்டால் முதலில் பதிலைச் சொல்லிவிடுவார்கள். யாருக்கு, எதற்கு என்கிற விசாரணையெல்லாம் அப்புறம்தான்.

"இங்க குளிரு எலும்பைத் துளைக்குதுக்கா. சமையல்கட்டுல பாய்லரை வெச்சு, ரூமுக்கு ரூம் சுடுதண்ணி பைப் இழுக்கறாங்க. ஊடே கதகதன்னு ஆயிரும். இல்லீன்னா தரைக்கு அடியிலயே பைப்பைப் பதிச்சிரலாம்."

அவன் வாடகைக்கு இருக்கிற வீட்டின் ஓனர் யோசனை கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். திருப்பூர்க்காரனிடம் பாய்லரைப் பற்றிக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பானாம்?

"தரைக்கு அடியில வேண்டாம்டா. ஒழுகுச்சுன்னா தரையையே பேர்க்கோணும். வெளியில ஓடற பைப்தான் நல்லது." பேச்சோடு பேச்சாக, எந்த மெஷினுக்கும் கேட்கிற கேள்வியையும் கேட்டாள். "சரி, எத்தனை வருஷம் ஓடோணும்?"

"இருபது வருஷமாவது ஓடோணும்க்கா. சொந்த ஊடு வாங்கிட்டு, சும்மா சும்மா மாத்தீட்டு இருக்க முடியுமா?"

சட்டையை இழுத்த கை அப்படியே நின்றது.

"யாரு ஊடு?"

"நம்மூடுதான்க்கா!"

அவள் போனை வைத்துவிட்டாள்.

ரெண்டே வருஷம், சரக்கு வாங்குகிற பையர் ஆபீஸ் வேலையைக் கற்றுக்கொண்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று போனவன் அவன். அதுவரைக்கும் கம்பெனியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அப்பா கேட்டார். சித்ராதேவிக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. கணவன் பாண்டித்துரைக்கு ஓசூரில் வேலை. தம்பி வருகிற வரைக்கும்தானே என்று அவள் இங்கேயே தங்கினாள்.

பாண்டித்துரை மாதம் ஒரு முறை பஸ் ஏறி வருவான். விருந்தாளி மாதிரி ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போவான். "தை பொறந்தா தம்பி வந்துருவானுங்க, நானும் அங்க வந்துர்றேன்" என்று ஒவ்வொரு தடவையும் அவள் சொல்லி அனுப்புவாள். இரண்டு தை பிறந்து போய்விட்டது. போன மாதம் அவன் வரவில்லை.

"உன் தம்பி வந்ததும் சொல்லு, நான் வந்து கூட்டீட்டுப் போறேன்" என்று போனில் சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பாவிப் பயல்! எத்தனை சுலபமாக, நாக்கூசாமல் சொல்கிறான்! கூடப் பிறந்தவள் ஒருத்தி இங்கே வாழாவெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், அவளிடமே பாய்லருக்கு யோசனை கேட்கிறானே, என்ன நெஞ்சழுத்தம்!

அப்புறம்தான் அப்பாவின் ஞாபகம் வந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்பா அழகுமலை, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கட்டின வேட்டியோடு வந்து, வேலம்பாளையத்தில் கம்பெனி வைத்த மனுஷன். 'தையில பய வந்துருவான், தையில பய வந்துருவான்' என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சுவலி வந்து படுத்து எழுந்தவர். தாங்குவாரா?

இன்றைக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

கதவு திறந்தது. அயர்னிங் செக்‌ஷன் வெக்கையில் நனைந்த சட்டையோடு அப்பா உள்ளே வந்தார். சித்ராதேவி கையிலிருந்த குழந்தைச் சட்டையாலேயே அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போன்ல யாரு தாயி?"

"பையருப்பா. சரக்கு எப்ப ஏறுதுன்னு கேட்டாங்க."

அப்பாவிடம் அவள் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. அழகுமலை நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஜெயபாண்டிதான?"

அவள் குழந்தைச் சட்டையை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"பாய்லர் விஷயமா என் செல்லுக்குத்தான் கூப்பிடச் சொல்லியிருந்தேன். சார்ஜ் இல்லாமக் கெடந்துருச்சு. ஆபீஸ் நம்பருக்கு அடிச்சுட்டான்போல."

முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. தம்பி நாக்கூசாமல் பேசவில்லை. அக்காவுக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டு பேசியிருக்கிறான்.

"உங்களுக்கு எப்பருந்துப்பா தெரியும்?"

"அவன் போன வருஷமே சொல்லிட்டான், இனி அங்கதான்னு. அக்காகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்னேன்."

"அப்புறம் எதுக்குப்பா தை தைன்னு சொல்லீட்டே இருந்தீங்க? நானும் அதையே அவருகிட்டச் சொல்லீட்டு..."

அழகுமலை எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். அவர் முகத்தில் தப்புப் பண்ணின கூச்சம் துளியும் இல்லை. பிரியமாகத்தான் சொன்னார்.

"சொல்லியிருந்தா நீ அன்னைக்கே ஓசூருக்குப் பெட்டியக் கட்டியிருப்பியே, தாயி."